நிலை என்பது நினைவு: கணிமைக் கோட்பாட்டைக் கல்லூரியில் படிப்பது குறித்து

தமிழகத்துப் பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் ‘டி.ஓ.சி.’ என்று சுருக்கிச் சொல்லும் கணிமைக் கோட்பாடு (எந்திரத்தால் எதைக் கணிக்க முடியும், எதை முடியாது என்று ஆராயும் பாடம்), பாடத்திட்டத்தில் மற்ற தாள்களோடு ஒட்டாமல் தனித்து நிற்பது போலத் தோன்றும் ஒரு தாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் அது நான்காம் பருவத்தில் வருகிறது. அதற்கு முந்தைய பருவத்தில் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ், அடுத்த பருவத்தில், நிரலை எந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருளைப் பற்றிய கம்பைலர் டிசைன். அதுவரை நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழை வந்தால் திருத்தி மீண்டும் ஓட்டிப் பழகிய மாணவருக்கு முன்னால், ஓட்டிப் பார்க்க எதுவுமே இல்லாத ஒரு பாடம் திடீரென்று வந்து நிற்கிறது. வட்டங்களும் அம்புக்குறிகளும் உண்டு, கணினி இல்லை. ‘இது எதற்கு?’ என்ற கேள்வி முதல் வாரத்திலேயே எழுவதில் வியப்பில்லை.

இந்தத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் குறையாக எண்ணுவதில்லை. அதற்குக் கிடைக்கும் வழக்கமான விடைதான் போதாதது. ‘கம்பைலருக்கு வேண்டும், முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு வேண்டும்’ என்று சொல்லிவிட்டு, என்.எஃப்.ஏ., டி.எஃப்.ஏ. என்ற இருவகை எந்திரங்களில் முன்னதைப் பின்னதாக மாற்றும் அட்டவணைக்குப் போய்விடுகிறோம். தேர்வின் அமைப்பும் இதற்கு வழிசெய்கிறது. பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி என்ற வடிவத்தில், பதின்மூன்றை முழுதாக வாங்கித் தருவது மாற்றும் கணக்குகளே: எப்சிலான் நீக்கு, அட்டவணை போடு, நிலைகளைக் குறை, சாம்ஸ்கி வடிவத்துக்குக் கொண்டுவா. படிகளை மனப்பாடமாகப் பழகிவிட்டால், ஒரு நிலை எதைக் குறிக்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்காமல் நல்ல தரத்தோடு தேறிவிடலாம். பலரும் அப்படித்தான் தேறுகிறார்கள். அவர்கள் இழப்பது எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சில வகுப்புகளில் வருவது முடிவுறு நிலை எந்திரம். ஒரு சரத்தை, அதாவது குறிகளின் வரிசையை, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு குறியாக, ஒரே ஒருமுறை படிக்கும், திரும்பிப் பார்க்காது, எதையும் எழுதி வைத்துக்கொள்ளாது. அதற்கு இருப்பதெல்லாம் எண்ணிச் சொல்லக்கூடிய சில நிலைகள் மட்டுமே. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு குறிக்கும் போக ஒரே வழி என்றால் அது டி.எஃப்.ஏ. பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 0, 1 ஆகிய இரண்டு குறிகளோடு நின்றுவிடுகின்றன. நான் வகுப்பில் தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். யூனிகோடில் ‘கி’ என்பது ஒரு குறி அன்று. ‘க’ என்ற குறியும் அதைத் தொடர்ந்து இகரத்தின் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘க்’ என்பதும் அப்படியே: ‘க’வும் புள்ளியும். கிரந்த எழுத்துகளை விட்டுவிட்டால் நம்மிடம் 12 உயிர், ஓர் ஆய்தம், 18 அகரமேறிய மெய், 11 துணைக்குறி, ஒரு புள்ளி இருக்கின்றன. அகரமேறிய மெய் ஒவ்வொன்றும் தனித்தோ, 11 துணைக்குறிகளில் ஒன்றோடோ, புள்ளியோடோ வரலாம். ஆக 18ஐ 13ஆல் பெருக்கினால் 234. உயிரும் ஆய்தமும் சேர 247. பள்ளியில் படித்த அதே கணக்கு.

இப்போது கேள்வி இது: இந்தக் குறிகளால் ஆன ஒரு நீண்ட வரிசை முறையான தமிழ் எழுத்துகளாகப் பிரியுமா, பிரியாதா என்று சொல்ல ஓர் எந்திரத்துக்கு எத்தனை நிலைகள் வேண்டும்? 247 எழுத்துகள் இருப்பதால் நிறைய நிலைகள் வேண்டியிருக்கும் என்றுதான் வகுப்பு எப்போதும் சொல்கிறது. மூன்று போதும். முதல் நிலையில் எந்திரம் ‘இப்போது துணைக்குறியோ புள்ளியோ வரக்கூடாது’ என்பதை நினைவில் வைத்திருக்கிறது. தொடக்க நிலையும் அதுவே. அகரமேறிய மெய் ஒன்று வந்தால் இரண்டாம் நிலைக்குப் போகிறது. அங்கே அதன் நினைவு ‘இப்போது துணைக்குறியோ புள்ளியோ வரலாம்’ என்பது. அவற்றில் ஒன்று வந்துவிட்டால் மீண்டும் முதல் நிலை. உயிரோ ஆய்தமோ வந்தாலும் முதல் நிலையே; இன்னொரு மெய் வந்தால் இரண்டாம் நிலையிலேயே தொடரும். முதல் நிலையில் இருக்கும்போது துணைக்குறியோ புள்ளியோ வந்தால் மூன்றாம் நிலை. அது மீட்சி இல்லாத நிலை. அதற்குப் பின் எது வந்தாலும் பயனில்லை. அங்கே முடியும் சரத்தை எந்திரம் ஏற்காது; மற்ற இரண்டில் முடிந்தால் ஏற்கும்.

பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு கோப்பைப் படித்து முடித்தாலும், இந்த எந்திரத்தின் மனத்தில் இருப்பது ‘கடைசியாக வந்தது துணைக்குறி ஏற்கக்கூடியதா, இல்லையா’ என்ற ஒரே செய்திதான். இதுவரை என்ன படித்தோம் என்பதில் இனிமேல் தேவைப்படும் பகுதி எதுவோ, அதுவே நிலை. வட்டத்துக்குள் எழுதும் பெயர் நிலை அன்று. இந்த ஒரு செய்தியை உள்வாங்கிய மாணவர் டி.எஃப்.ஏ. வரையச் சொன்னால் வட்டம் போடுவதற்கு முன் ‘எதை நினைவில் வைக்க வேண்டும்’ என்று கேட்டுக்கொள்கிறார். உள்வாங்காதவர் நாலைந்து வட்டங்களைப் போட்டுவிட்டு, விடை சரியாக வரும்வரை அம்புகளை மாற்றி மாற்றி வரைகிறார்.

இது வகுப்பறைக்காக உருவாக்கிய எடுத்துக்காட்டும் அன்று. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யும்போது மெய் இல்லாமல் துணைக்குறி மட்டும் விழுந்துவிட்டால், அதன் அருகில் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துகளைத் திரையில் வடிவமைக்கும் மென்பொருள், ‘இந்தக் குறிக்கு ஏறி உட்கார மெய் இல்லை’ என்று கண்டறிந்து காட்டும் அடையாளம் அது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருளில், இந்திய மொழிகளின் அசைகளைப் பிரிக்கும் பகுதி நிலை எந்திரமாகவே எழுதப்பட்டுள்ளது. நம் சிறு எந்திரத்தைவிட அது பெரியது, அடிப்படை ஒன்றே.

இதே எடுத்துக்காட்டு, பாடத்தின் முதல் வரையறை ஏன் எழுத்துத் தொகுதியைப் பற்றியதாக இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. மாணவர்கள் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டுக் கடந்துபோகும் வரையறை அது. ‘விகடகவி’ என்ற சொல் இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் மாலைமாற்று என்று நாம் அறிவோம். வி, க, ட, க, வி என்று எழுத்துகளாகப் பிரித்தால் அது உண்மை. யூனிகோடு குறிகளாகப் பிரித்துத் திருப்பினால் முதலில் நிற்பது இகரத்தின் துணைக்குறி. அதற்கு முன்னால் மெய்யே இல்லை. அந்த நோக்கில் அது மாலைமாற்றே அன்று. எந்தக் குறிகளின் மேல் பேசுகிறோம் என்று தீர்மானிக்காமல் ஒரு மொழியைப் பற்றி, அதாவது சரங்களின் தொகுதி ஒன்றைப் பற்றி, எதையும் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் இன்னும் காணவில்லை.

எந்திரத்தால் முடிவது எது என்று காட்டுவதைவிட, முடியாதது எது என்று காட்டுவதில்தான் இந்தப் பாடத்தின் உயிர் இருக்கிறது. சில 0கள், அவற்றைத் தொடர்ந்து அதே எண்ணிக்கையில் 1கள். இந்த வடிவிலான சரங்களை மட்டும் ஏற்கும் முடிவுறு நிலை எந்திரம் இல்லை என்பது ஒவ்வொரு மாணவரும் சந்திக்கும் முதல் இயலாமை. காரணம் எளிது. ஒருவர் தம்மிடம் நூறு நிலைகளோடு அப்படி ஓர் எந்திரம் இருப்பதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நூறு 0களையும் பின் நூறு 1களையும் கொடுக்கிறோம். தொடக்கத்தையும் சேர்த்தால் 0களைப் படித்து முடிப்பதற்குள் எந்திரம் 101 முறை ஏதோவொரு நிலையில் இருந்திருக்கிறது; நிலைகளோ நூறுதான். ஆகவே ஏதோ ஒரு நிலைக்கு அது இரண்டாம் முறை வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்ட 0களை இன்னொரு தடவை செருகினாலும் எந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது. சுற்றி அதே நிலைக்கு வந்து, பழையபடியே தொடர்ந்து, சரத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் இப்போது 0கள் அதிகம், 1கள் நூறே. ஏற்கக்கூடாததை எந்திரம் ஏற்றுவிட்டது. நூறு என்பதற்குப் பதில் எந்த எண்ணைச் சொன்னாலும் வாதம் நிற்கும்.

பம்பிங் லெம்மா என்று நாம் கற்பிப்பது இதைத்தான். முடிவுறு நிலை எந்திரத்தால் ஏற்கக்கூடிய மொழியே ஒழுங்கு மொழி; ஒரு மொழி அப்படிப்பட்டது அன்று என்று காட்டவே இது. 1961இல் பார்-ஹில்லல், பெர்லஸ், ஷமிர் ஆகியோர் சூழல்சாரா மொழிகள் என்ற இன்னும் பெரிய வகைக்காக எழுதிய கட்டுரையோடு இந்த வகை வாதம் பரவலாக அறியப்பட்டது. விடைத்தாளில் அது சூத்திரமாக வந்து நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘ஏதோ ஓர் எண் உண்டு, அதைவிட நீளமான எந்தச் சரத்தை எடுத்தாலும், அதை மூன்றாகப் பிரிக்கும் ஏதோ ஒரு வழி உண்டு, நடுப்பகுதியை எத்தனை முறை அடுக்கினாலும்’ என்று ‘உண்டு’, ‘எந்த’ ஆகிய இரண்டும் மாறி மாறி நான்கு முறை வருகின்றன. எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் எதிராளி. சரத்தைத் தேர்ந்தெடுப்பவர் நாம். பிரிப்பவர் மீண்டும் எதிராளி. எத்தனை முறை அடுக்குவது என்று சொல்பவர் நாம். இந்தச் சதுரங்க ஆட்டத்தில் எதிராளியின் காயையும் தாமே நகர்த்திவிடுவதுதான் விடைத்தாள்களில் நான் மிகுதியாகக் கண்ட பிழை. எண்ணை 3 என்று தாமே வைத்துக்கொள்வார்கள். சரத்தைத் தமக்கு வசதியான இடத்தில் தாமே பிரித்து, ‘பொருந்தவில்லை, ஆகவே ஒழுங்கு மொழி அன்று’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு பிரிப்பு பொருந்தாததால் எதுவும் நிறுவப்படுவதில்லை. எல்லாப் பிரிப்புகளும் பொருந்தாமல் போக வேண்டும். டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸில் ‘உண்டு’, ‘எந்த’ போன்ற அளவையடைகளை அட்டவணையாக மட்டும் படித்ததன் விளைவு இங்கே வந்து தெரிகிறது. அந்தத் தாள் இதற்கு முந்தைய பருவத்தில் வைக்கப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே.

என்.எஃப்.ஏ. என்ற தீர்மானமில்லா எந்திரத்தை மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959இல் அறிமுகப்படுத்தினர். 1976இல் இருவருக்கும் கணினி அறிவியலின் உயரிய விருதான டியூரிங் விருது கிடைத்தது. ஒரே குறிக்கு இரண்டு வழிகள் இருந்தால் எந்திரம் இரண்டிலும் போகும். ஏதாவது ஒன்று வெற்றி பெற்றால் போதும். ‘கடைசியிலிருந்து பத்தாவது குறி 1’ என்ற மொழிக்கு இத்தகைய எந்திரம் 11 நிலைகளில் அமைந்துவிடும். அதைத் தீர்மானமுள்ள எந்திரமாக, அதாவது டி.எஃப்.ஏ.வாக, மாற்றினால் 1024 நிலைகள், அவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. நினைவு என்ற நோக்கில் பார்த்தால் காரணம் உடனே விளங்கும்: சரம் எங்கே முடியும் என்று தெரியாத எந்திரம் கடைசிப் பத்துக் குறிகளையும் எப்போதும் நினைவில் வைத்திருந்தாக வேண்டும், பத்து இடங்களில் 0, 1 அமையும் வழிகள் இரண்டின் பத்தாம் அடுக்கு. துணைக்கண அட்டவணை போடும் மாணவருக்கு 1024 என்ற விடை வரும். ஏன் 1024 என்பது அந்த அட்டவணையில் இராது.

கென் தாம்சன் 1968இல் வெளியிட்ட தேடல் முறை, தேட வேண்டிய எழுத்து வடிவத்தைக் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற கோவையைத் தீர்மானமில்லா எந்திரமாக மாற்றி, அது இருக்கக்கூடிய எல்லா நிலைகளையும் ஒருசேரப் பின்தொடர்ந்து செல்வது. சரத்தின் நீளத்துக்கு நேர்விகிதமாகவே வேலை கூடும். பிற்காலத்தில் பரவலான பல நிரல்மொழிகளின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வசதிகள் இந்த வழியை விட்டு, ஒரு வழியில் போய்ப் பார்த்து, தோற்றால் திரும்பி வந்து மறு வழியில் போகும் பின்வாங்கும் முறையை எடுத்துக்கொண்டன. 2016 ஜூலை 20 அன்று, உலகம் முழுவதும் நிரலர்கள் பயன்படுத்தும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை வெட்டும் சிறிய ரெகுலர் எக்ஸ்பிரஷன்தான் காரணம். ஒரு பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, அவற்றுக்குப் பின் வேறொரு குறி இருந்தது. எந்திரம் முதல் வெற்றிடத்தில் தொடங்கி இறுதிவரை போய்த் தோற்றது, இரண்டாவதிலிருந்து மீண்டும், மூன்றாவதிலிருந்து மீண்டும். மொத்தம் சுமார் 20 கோடி ஒப்பீடுகள். நான்காம் பருவத்தில் முதல் அலகில் வரும் பாடம் இது. இதைச் சொன்னபின் ‘இது எதற்கு?’ என்ற கேள்வி அந்த வகுப்பில் மீண்டும் எழுவதில்லை. 2010இல் கூகுள் வெளியிட்ட ஆர்.இ.2 என்ற நூலகம் தாம்சனின் வழிக்கே திரும்பிச் சென்றது.

விதிகளால் தொடர்களை உருவாக்கும் சூழல்சாரா இலக்கணங்களும், மேலே வைத்ததையே முதலில் எடுக்கக்கூடிய ஓர் அடுக்கை நினைவாகக் கொண்ட அடுக்கு எந்திரங்களும் அடுத்து வருகின்றன. நோம் சாம்ஸ்கி 1950களின் பிற்பகுதியில் மனித மொழிகளின் தொடரமைப்பை விளக்க வகுத்த படிநிலை, அல்கால் 60 நிரல்மொழியின் இலக்கணத்தை எழுதப் பயன்பட்ட குறியீட்டோடு சேர்ந்து கம்பைலர் துறைக்கு அடித்தளமாயிற்று. அடுத்த பருவத்தில் இது விரிவாக வரும் என்பதால் இங்கே நிற்கவில்லை. ஒன்று மட்டும்: மாலைமாற்றை ஏற்க ஓர் அடுக்கு போதும். ஆனால் ஒரு சொல் முழுமையாக இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க அடுக்கு போதாது. முதலில் வைத்தது கடைசியில்தான் வெளிவரும் என்பதால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. இங்கும் கேள்வி நினைவைப் பற்றியதே: எவ்வளவு நினைவு என்பதோடு, எந்த ஒழுங்கில் எடுக்கக்கூடிய நினைவு என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பாடத்திட்டம் சிறிய எந்திரத்தில் தொடங்கிப் பெரியதை நோக்கி ஏறுகிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பெரியதான டியூரிங் எந்திரம்தான் முதலில் வந்தது, 1936இல். மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களைக் கணித வடிவில் எழுதியது 1943இல். அவர்களுடைய வலைகள் எவற்றை அடையாளம் காண முடியும் என்று ஆராய்ந்த ஸ்டீஃபன் க்ளீனியின் ஒழுங்குத் தொகுதிகள் 1951இல் எழுதப்பட்டு 1956இல் அச்சேறின. கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில், கணினியால் முடியாதது எது என்பது நிறுவப்பட்டுவிட்டது. மாணவர்கள் இந்த வரிசையை அறிந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் டியூரிங் எந்திரம் நமது வகுப்புகளில் பருவத்தின் கடைசி வாரங்களில், இன்டர்னல் தேர்வுகளுக்கும் ஆய்வக மதிப்பீடுகளுக்கும் நடுவில், அவசரமாக வந்து போகிறது. இரண்டு எண்களைக் கூட்டும் எந்திரத்தின் நிலைமாற்ற அட்டவணையை எழுதி முடிப்பதோடு பலருக்கும் அது நின்றுவிடுகிறது.

டேவிட் ஹில்பெர்ட்டும் வில்ஹெல்ம் ஆக்கர்மனும் 1928இல் எழுப்பிய கேள்வி இது: தருக்கக் கூற்று ஒன்றைக் கொடுத்தால் அது எப்போதும் உண்மையா என்று சொல்லக்கூடிய இயந்திரத்தனமான வழிமுறை ஒன்று உண்டா? கேம்பிரிட்ஜில் மாக்ஸ் நியூமனின் விரிவுரைகளைக் கேட்டிருந்த ஆலன் டியூரிங் 23 வயதில் இதற்கு ‘இல்லை’ என்று விடை எழுதினார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் வேறொரு வழியில் அதே விடையைச் சற்று முன்னதாகவே அடைந்திருந்தார். ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன் ‘வழிமுறை’ என்றால் என்ன என்பதை வரையறுத்தாக வேண்டும். ஒரு வழிமுறை உண்டு என்று காட்ட அதைச் செய்து காட்டினால் போதும். எதுவுமே இல்லை என்று காட்ட எல்லா வழிமுறைகளையும் ஒரே வரையறைக்குள் அடக்க வேண்டும். டியூரிங் எடுத்துக்கொண்டது தாளில் கணக்குப் போடும் ஒரு மனிதரை. சிறுவர்களின் கணக்கு நோட்டைப் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்த தாள். ஒரு நேரத்தில் அவர் கண்ணில் படும் சில குறிகள். அவர் மனம் இருக்கக்கூடிய எண்ணிச் சொல்லத்தக்க நிலைகள். இவற்றிலிருந்து தேவையற்றதை எல்லாம் நீக்கி எஞ்சியதே டியூரிங் எந்திரம்: கட்டங்கள் கொண்ட நாடாவும், அதில் படித்து எழுதும் தலையும். இதைச் சொல்லாமல் நாடாவின் படத்தை மட்டும் வரைந்தால், அது காலங்கடந்த பழைய கருவி ஒன்றின் படமாகவே மாணவர் கண்ணுக்குத் தெரியும்.

நிறுத்தச் சிக்கல் என்று நாம் இன்று கற்பிப்பதன் பெயரும் வடிவமும் பின்னால் வந்தவை. கருத்து டியூரிங்கின் 1936 கட்டுரையினுடையது. எந்த நிரலையும் அதற்கான உள்ளீட்டையும் கொடுத்தால், அது நிற்குமா நிற்காதா என்று தவறாமல் சொல்லும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதை உள்ளே வைத்து இன்னொரு நிரலை எழுதுகிறோம்: தன்னிடம் தரப்படும் நிரல், தன்னையே உள்ளீடாகப் பெற்றால் நிற்குமா என்று கேட்கும்; ‘நிற்கும்’ என்று விடை வந்தால் முடிவில்லாமல் சுற்றும்; ‘நிற்காது’ என்றால் உடனே நிற்கும். இந்தப் புதிய நிரலுக்கு இதையே உள்ளீடாகக் கொடுத்தால் என்ன ஆகும்? நின்றால் நிற்காது, நிற்காவிட்டால் நிற்கும். ஆகவே முதலில் இருப்பதாகக் கொண்ட நிரல் இல்லை. வகுப்பில் இதை முதல் முறை கேட்பவர்கள் ஏதோ சொல்விளையாட்டு என்று நினைக்கிறார்கள். ‘தன்னையே தனக்குக் கொடுப்பது’ நடைமுறையில் நடக்காத ஒன்று என்ற எண்ணம்தான் தடை. சி கம்பைலரின் மூலநிரலை அதே கம்பைலரிடம் கொடுத்துத் தொகுப்பது அன்றாடம் நடப்பது என்று சொன்னால் அந்தத் தடை விலகுகிறது.

இந்த இயலாமை பெரிய நிரல்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோருக்கு ‘பிஸி பீவர்’ என்ற எண்களைக் காட்டலாம். திபோர் ராடோ 1962இல் வைத்த கேள்வி இது: வெற்று நாடாவில் தொடங்கி, இறுதியில் நின்றுவிடும் டியூரிங் எந்திரங்களில், இத்தனை நிலைகள் கொண்டது அதிகபட்சம் எத்தனை படிகள் ஓடும்? இரண்டு குறிகளும் ஐந்து நிலைகளும் கொண்ட எந்திரம் ஒன்று 4,71,76,870 படிகள் ஓடி நிற்பதை 1989இல் மார்க்சன், பண்ட்ராக் இருவரும் கண்டனர். அதுவே உச்சம் என்பதை நிறுவ 2024 வரை ஆயிற்று. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் இணைந்து, காக் என்ற நிறுவல் சரிபார்ப்பு மென்பொருளில் அதை முடித்தனர். அட்டவணையாக எழுதினால் பத்தே கட்டங்களில் அடங்கிவிடும் எந்திரங்கள்! நின்ற எந்திரத்தை ஓட்டிப் பார்த்து அறிந்துவிடலாம். நிற்காத எந்திரம் என்றும் நிற்காது என்று ஒவ்வொன்றாக நிறுவுவதில்தான் அத்தனை ஆண்டுகள் கழிந்தன.

ஒன்று தீர்மானிக்க இயலாதது என்று தெரிந்தபின், மற்றவற்றுக்கு ஒடுக்கல் முறையில் போகிறோம். இங்கே திசை தவறுவது அடுத்த பெரிய பிழை. புதிய சிக்கலைத் தீர்க்கும் வழி கிடைத்தால் அதைக் கொண்டு நிறுத்தச் சிக்கலையும் தீர்த்துவிடலாம் என்று காட்ட வேண்டும். பலரும் நிறுத்தச் சிக்கலைக் கொண்டு புதியதைத் தீர்க்கிறார்கள். பிந்தையது எதையும் நிறுவாது. அதே திசைத் தவறு, ஒரு சிக்கல் என்பி வகையில் (விடையை விரைவாகச் சரிபார்க்கக்கூடிய சிக்கல்கள்) மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று சொல்லும் என்பி முழுமையைக் காட்டும்போதும் தொடர்கிறது. ஸ்டீஃபன் குக் 1971இலும் ரிச்சர்ட் கார்ப் 1972இலும் தொடங்கிவைத்த அந்தப் பகுதி நமது பாடத்திட்டத்தில் இறுதி அலகின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மாணவருக்கு ஒரே வேளையில் இரண்டு தேர்வு வராமல், குறைந்த நாட்களில் தேர்வு அட்டவணை போடுவது கார்ப்பின் 21 சிக்கல்களில் ஒன்றான, இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு நிறம் தரும் வண்ணமிடலின் வேறு உருவமே என்று சொன்னால், அட்டவணையால் அவதிப்பட்ட வகுப்பு நிமிர்ந்து உட்காரும். விரைவாகத் தீர்க்கக்கூடிய சிக்கல்களின் வகையான பியும் என்பியும் ஒன்றா என்ற கேள்விக்கு 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பத்து லட்சம் டாலர் பரிசு இன்னும் யாருக்கும் வழங்கப்படவில்லை. ஓர் எண் பகா எண்ணா என்பது பியில் அடங்கும் என்று 2002இல் காட்டியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகியோர். பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்தனர்.

இந்தத் துறை நமக்குத் தொலைவில் உள்ளது என்ற எண்ணமும் சரியன்று. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த ராணி சிரோமணி, முறைசார் மொழிகளை ஒரே வரியில் ஓடும் சரங்களிலிருந்து இரு பரிமாண அணிகளுக்கு விரித்தவர்களுள் முன்னோடி. அவரும் கிஃப்ட் சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974இல் எழுதிய கட்டுரை கோலங்களைப் பற்றியது: சிறியதொரு வடிவிலிருந்து ஒழுங்கான முறையில் வளர்ந்துகொண்டே போகும் புள்ளிக் கோலங்களை, அணி இலக்கணத்தின் விதிகளால் உருவாக்கிக் காட்டியது. பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய கமலா கிருத்திவாசன் இந்தப் பாடத்துக்கு நடத்திய விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் காணொளியாகக் கிடைக்கின்றன. வாசலில் நாள்தோறும் இடப்படும் ஒன்றை, ‘இதை உருவாக்க எந்த வகை விதி போதும்?’ என்று கேட்டுப் பார்த்த அந்தப் பார்வையே இந்தப் பாடம் கற்பிக்க வேண்டிய பார்வை என்பேன்.

படிப்பவருக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். டி.எஃப்.ஏ. வரைந்தால், ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் அது எதை நினைவில் வைத்திருக்கிறது என்று ஒரு தமிழ் வாக்கியம் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்த வட்டம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. விடை வந்தபின், அதைவிடக் குறைந்த நிலைகளில் முடியுமா என்று கேளுங்கள்.

தமிழ் எழுத்து எந்திரத்தை நடத்திய ஒரு வகுப்பில் இந்தக் கேள்வியைப் பின்வரிசை மாணவி ஒருவர் தாமே கேட்டார்: ‘சார், ரெண்டு நிலையில முடியாதா?’ அடுத்த நாள் அவரே கரும்பலகைக்கு வந்தார். மூன்று சரங்களை எழுதினார்: எதுவும் இல்லாத வெற்றுச் சரம், ‘க’, தனித்து நிற்கும் இகரத் துணைக்குறி. நிலைகள் இரண்டே என்றால் இந்த மூன்றில் ஏதேனும் இரண்டு ஒரே நிலையில் போய் முடிந்தாக வேண்டும். மூன்றாவது சரம் ஏற்கப்படாதது, மற்ற இரண்டும் ஏற்கப்படுபவை. ஆகவே அது அவற்றில் எதனோடும் ஒரே நிலையில் இருக்க முடியாது. எஞ்சியவை வெற்றுச் சரமும் ‘க’வும். இரண்டின் பின்னும் இகரத் துணைக்குறியைச் சேர்த்தால் ஒன்று பிழை, மற்றது ‘கி’. ஒரே நிலையில் இருந்திருந்தால் ஒரே விடை வந்திருக்க வேண்டும். ‘அதனால மூணு வேணும்’ என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தார். குறைந்தது எத்தனை நிலைகள் வேண்டும் என்பதை இதே வழியில் சொல்லும் மைஹில்–நெரோட் தேற்றத்தை நான் அதுவரை அந்த வகுப்பில் நடத்தியிருக்கவில்லை.